பியூக் 3800 இன்ஜின்: அறிகுறியைக் கொண்டு பழுதைக் கண்டறிதல்

ஜெனரல் மோட்டார்ஸின் 3800 வி6 இன்ஜினைப் பற்றி அமெரிக்காவில் பழைய கார் வைத்திருப்பவர்களிடம் கேட்டால், அதற்குச் சாவே கிடையாது என்பார்கள். அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. பிளாக், ஹெட், கிராங்க்ஷாஃப்ட் என்று இரும்பில் வார்த்த பாகங்கள் மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் சலிக்காமல் உழைக்கின்றன. அவற்றின் மேல் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக்கும் ரப்பரும் அப்படி உழைப்பதில்லை. ஆகவே இந்த இன்ஜினில் எந்தத் தொல்லை வந்தாலும் முதலில் பிளாஸ்டிக்கைச் சந்தேகிக்க வேண்டும், அடுத்து சென்சார்களை, கடைசியாகத்தான் இரும்பை. இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்ததால் நல்ல இன்ஜின்கள் பல பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கின்றன.

இதன் மூல வடிவம் 1962 மாடல் பியூக் ஸ்பெஷலில் வந்தது. 1967-இல் வடிவமைப்பும் உற்பத்திக் கருவிகளும் கைசர் ஜீப் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1974-இல், ஜெனரல் மோட்டார்ஸே அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டது. இங்கே பேசப்போவது 1995 மாடல் ஆண்டில் அறிமுகமான இரண்டாம் தொடரைப் பற்றி. பியூக் லெசேபர், பார்க் அவென்யூ, ரீகல், பான்டியாக் பானவில், கிராண்ட் பிரீ, செவர்லே இம்பாலா என்று பல கார்களில் இது இருந்தது. 3800 இன்ஜின்களின் உற்பத்தி 2008 ஆகஸ்டில் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் முடிந்தது.

வேலையைத் தொடங்குவதற்கு முன் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாகன அடையாள எண்ணின் எட்டாவது எழுத்து 'கே' என்றால் அது சாதாரண எல்36. '1' என்றால் சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) பொருத்திய எல்67. இந்த வேறுபாடு அடுத்த பகுதியிலேயே தேவைப்படும். கருவிகளில் காரின் கணினியில் பதிவாகும் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி-2 ஸ்கேனர் ஒன்றும், போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அங்குல-பவுண்டில் காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்றும் சொந்தமாக இருப்பது நல்லது. பிரஷர் டெஸ்டர், இறுகிய பாகங்களை இழுத்தெடுக்கும் புல்லர் போன்றவற்றை அமெரிக்காவின் பெரிய உதிரிபாகக் கடைகள் முன்பணம் வாங்கிக்கொண்டு இரவலாகத் தருகின்றன. திருப்பிக் கொடுத்தால் பணம் முழுவதும் வந்துவிடும்.

கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்துகொண்டே வருகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை

இந்த இன்ஜினின் அறிகுறிகளில் மிகவும் ஆபத்தானது இதுதான். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்ட் மேல், கீழ் என்று இரண்டு பகுதிகளாக இருக்கும். எல்36 இன்ஜினில் மேல் பகுதி பிளாஸ்டிக்கால் ஆனது. புகைக்குழாயிலிருந்து ஒரு பங்கு வாயுவை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். அமைப்பின் உலோகக் குழாய், கீழ் மேனிஃபோல்டிலிருந்து எழும்பி அந்தப் பிளாஸ்டிக்கில் உள்ள ஒரு துளைக்குள் நுழைகிறது. குழாய்க்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையே இருக்கும் இடைவெளி மிகக் குறைவு. அந்தத் துளையை ஒட்டியே கூலன்ட் செல்லும் வழியும் இருக்கிறது. வருடக்கணக்கில் சூடு பட்டுப் பட்டு நடுவில் உள்ள சுவர் இளகி அரித்துப்போக, கூலன்ட் நேராகக் காற்று வழிக்குள் கசிந்து, பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து, வெண்புகையாக வெளியேறிவிடுகிறது. தரையில் சொட்டு விழாததற்குக் காரணம் இதுவே. எல்67 இன்ஜினில் அந்த இடத்தில் சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருப்பதால் அதற்கு இந்த நோய் கிடையாது. 2004-இல் வந்த மூன்றாம் தொடரின் எல்26 இன்ஜினில் மேல் மேனிஃபோல்டையே அலுமினியத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

ஓடும்போது கசிவதைவிட, நிறுத்திய பிறகு கசிவதுதான் கொடியது. இன்ஜின் அணைந்த பின்னும் கூலன்டில் அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில் கசியும் திரவம், வால்வு திறந்த நிலையில் நின்றுவிட்ட ஏதாவதொரு சிலிண்டருக்குள் இரவு முழுவதும் சேரும். காலையில் செல்ஃப் அடிக்கும்போது பிஸ்டன் மேலே வந்து அந்தத் திரவத்தில் மோதுகிறது. காற்றைப் போல் திரவம் சுருங்கிக்கொடுக்காது என்பதால், பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைகிறது அல்லது முறிகிறது. ஆகையால் கூலன்ட் காணாமல் போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து, காரணம் தெரியும்வரை காரை ஓட்டக் கூடாது. காலையில் ஸ்டார்ட்டர் 'டொக்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டால், இரண்டாம் முறை சாவியைத் திருப்பாதீர்கள். ஆறு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எரிபொருள் பம்பின் ஃப்யூஸை எடுத்துவிட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு துளையிலிருந்து கூலன்ட் பீய்ச்சியடித்தால் விஷயம் உறுதி.

அந்த அளவுக்குப் போகாத நிலையில் சோதிப்பது எளிது. காற்றுக்குழாயைக் கழற்றி, உள்ளே போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைப் பிடித்திருக்கும் நட்டுகளை எடுத்து, அதை ஒதுக்கி வைத்துவிட்டு, உள்ளே டார்ச் அடியுங்கள். மேனிஃபோல்டின் அடித்தளத்தில் மெல்லிய ஆயில் படலம் இருப்பது சகஜம். வெள்ளைக் காகிதத்தால் ஒற்றி எடுத்தால் ஆரஞ்சு நிறம் ஒட்டுகிறதா, வழுவழுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். 1996 மாடல்களிலிருந்து இந்தக் கார்களில் ஊற்றப்பட்ட டெக்ஸ்-கூல் என்ற கூலன்ட் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ஆயிலோடு அதைக் குழப்பிக்கொள்ள வழியில்லை.

நான் வாங்கிய 1998 லெசேபரில் இதே அறிகுறி வந்தபோது, ஊரில் இருந்த ஒரு பட்டறையில் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டதாகச் சொல்லி, காரின் மதிப்பைவிடப் பெரிய தொகையைக் கேட்டார்கள். இந்த இன்ஜினில் ஹெட் கேஸ்கெட் போவது அபூர்வம் என்று அப்போது எனக்குத் தெரியாவிட்டாலும், கேட்ட தொகையே என்னை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டது. ஒரு சனிக்கிழமை மேல் மேனிஃபோல்டைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தேன். மற்ற இடங்களில் கறுப்பாகவும் கெட்டியாகவும் இருந்த பிளாஸ்டிக், ஈ.ஜி.ஆர். துளையைச் சுற்றி மட்டும் பழுப்பேறிப் பொருபொருத்துப் போயிருந்தது. கட்டைவிரல் நகத்தால் கீறினால் அடுப்புக்கரி போல உதிர்ந்தது. துளைக்கும் கூலன்ட் வழிக்கும் நடுவே பென்சில் கோடு அளவுக்கு ஒரு பள்ளம். அவ்வளவுதான் பழுது.

பழைய மேனிஃபோல்டை எபாக்சி வைத்து ஒட்டுவது வீண் வேலை. திருத்திய வடிவத்தில் புதிய மேனிஃபோல்டுகள் கிடைக்கின்றன. அவற்றோடு பழையதைவிட மெலிந்த ஈ.ஜி.ஆர். குழாயும் வரும். அந்தக் குழாயை மாற்றாமல் மேனிஃபோல்டை மட்டும் மாற்றினால் நோய் அப்படியே இருக்கும், மருந்து மட்டும் புதிது. இவ்வளவு தூரம் இறங்கிய பிறகு கீழ் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டுகளையும் மாற்றிவிடுங்கள். முதலில் வந்தவை பிளாஸ்டிக் சட்டம் கொண்டவை. இப்போது அலுமினியச் சட்டம் கொண்டவை கிடைக்கின்றன. இறுக்கும் அளவு மேல் மேனிஃபோல்டுக்கு 89 அங்குல-பவுண்ட், அதாவது 10 நியூட்டன் மீட்டர். கீழ் மேனிஃபோல்டுக்கு 11 அடி-பவுண்ட், 15 நியூட்டன் மீட்டர். அந்த 89-ஐ அடி-பவுண்ட் என்று படித்துவிட்டு இறுக்கியவர்கள் உண்டு; புது மேனிஃபோல்ட் அன்றைக்கே விரிசல் விட்டுப்போகும். வேலை முடிந்ததும் தெர்மோஸ்டாட் மூடியின் மேல் உள்ள சிறு திருகைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். ஆயிலையும் ஃபில்டரையும் உடனே மாற்றி, சில நாள் ஓட்டிவிட்டு, மீண்டும் ஒரு முறை மாற்றுங்கள். கூலன்டில் உள்ள கிளைக்கால் சிறிதளவு ஆயிலில் கலந்தாலும் பேரிங்குகளைத் தின்றுவிடும். இரண்டாவது ஆயில் மாற்றத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பெல்ட் பக்கமாகக் கூலன்ட் சொட்டுகிறது, அல்லது வெந்த சர்க்கரைப்பாகு வாசனை வருகிறது

சொட்டு கண்ணில் படுவதால் இது முந்தையதைவிட நல்ல செய்தி. பெல்ட் டென்ஷனரைத் தாங்கும் அலுமினியப் பாகத்தின் வழியாக ஹீட்டருக்கான கூலன்ட் ஓடுகிறது. அந்தப் பாகத்தையும் இன்ஜினையும் இணைப்பவை விரல் நீளமே உள்ள இரண்டு கறுப்புப் பிளாஸ்டிக் முழங்கைக் குழாய்கள். வயதானால் இவை கண்ணாடி போல் நொறுங்கும். எல்67 உட்பட எல்லா வகைகளிலும் இவை இருக்கின்றன. விலை சில டாலர்கள்தான் என்றாலும், நெடுஞ்சாலையில் உடைந்தால் இன்ஜின் முழுக் கூலன்டையும் சில நிமிடங்களில் கொட்டிவிடும்.

பழைய கார் ஒன்றை வாங்கினால், இந்தக் குழாய்கள் எப்போது மாற்றப்பட்டன என்று விசாரிப்பதைவிட மாற்றிவிடுவதே மேல். டென்ஷனர் பாகத்தைக் கழற்றும்போது குழாய்கள் பெரும்பாலும் துளைக்குள்ளேயே முறிந்து நின்றுகொள்ளும். துண்டுகளை உள்ளே தள்ளாமல், துளைக்குள் கந்தைத்துணியை அடைத்துக்கொண்டு, சிறிய திருப்புளியால் ஓரத்தை உள்நோக்கி மடக்கி வெளியே இழுங்கள். துளையின் சுவரைத் துருவின்றி மழமழவென்று தேய்த்தெடுத்த பிறகே புதிய ஓ-ரிங்குகளைச் செருக வேண்டும். அலுமினியத்தால் ஆன முழங்கைகள் கிடைத்தால் அவற்றையே போடுங்கள்.

சொட்டு இன்னும் கீழே, வாட்டர் பம்பின் வடிதுளையிலிருந்து வருகிறது என்றால், பம்பை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

வெப்பமானி முள் ஏறுகிறது

கூலன்ட் அளவு சரியாக இருந்தால், தெர்மோஸ்டாட்டிலிருந்து தொடங்குங்கள். நின்றால் ஏறி, ஓடினால் இறங்குகிறது என்றால் ரேடியேட்டரின் மின்விசிறிகளையும் அவற்றின் ரிலேக்களையும் பாருங்கள். கூலன்ட் சேற்று நிறத்தில் கெட்டிப்பட்டிருந்தால், நீண்ட நாள் அளவு குறைந்து காற்றோடு சுற்றியிருக்கிறது என்று பொருள். டெக்ஸ்-கூலுக்கு 5 ஆண்டு அல்லது 1,50,000 மைல் ஆயுள் என்று நிறுவனம் சொன்னதை நான் மைல் கணக்கில் நம்பவில்லை. ஆண்டுக் கணக்கைத்தான் பின்பற்றுகிறேன்.

செல்ஃப் எடுக்கவே இல்லை, செக்யூரிட்டி விளக்கு எரிகிறது

தொண்ணூறுகளின் லெசேபர் போன்ற கார்களின் சாவித்தண்டில் கறுப்புக் கல் பதித்தது போல ஒரு சிறு மின்தடை இருக்கும். அதன் அளவு பொருந்தினால்தான் ஸ்டார்ட்டருக்கு அனுமதி கிடைக்கும். கல்லை ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, சில நிமிடம் பொறுத்து முயலுங்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால், சாவித்துளையிலிருந்து ஸ்டியரிங் தண்டின் வழியாக இறங்கும் இரண்டு மயிரிழைக் கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கும். சாவி திரும்பும்போதெல்லாம் அவையும் முறுக்கப்படுவதால், பல்லாயிரம் முறைக்குப் பிறகு இது நடப்பது இயல்பு.

செல்ஃப் எடுக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. அல்லது சூடானதும் தானாக நின்றுவிடுகிறது

சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும் பின்பக்கத்திலிருந்து எரிபொருள் பம்பின் முனகல் இரண்டு விநாடி கேட்க வேண்டும். கேட்டால், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் குழாயான எரிபொருள் ரெயிலில் உள்ள சோதனை வால்வில் அளவுமானியை மாட்டிப் பாருங்கள். எல்36-க்கு 48 முதல் 55 பிஎஸ்ஐ வரை காட்ட வேண்டும். அழுத்தம் சரியாக இருந்தும் ஸ்டார்ட் ஆக நெடுநேரம் எடுத்து, கரும்புகையும் வந்தால், ரெயிலில் உள்ள பிரஷர் ரெகுலேட்டரின் வெற்றிடக் குழாயைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தாலோ குழாய் நனைந்திருந்தாலோ ரெகுலேட்டரின் உள்சவ்வு கிழிந்திருக்கிறது. இதைத் தள்ளிப்போடக் கூடாது; மேனிஃபோல்டுக்குள் தேங்கும் பெட்ரோல் ஒரு குளிர்காலக் காலையில் தீப்பிடித்தால், பிளாஸ்டிக் மேனிஃபோல்ட் வெடித்துச் சிதறும்.

அரைமணி நேரம் ஓடி, சிக்னலில் சட்டென்று அணைந்து, இருபது முப்பது நிமிடம் ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல மீண்டும் ஸ்டார்ட் ஆகிறது என்றால், கிராங்க்ஷாஃப்ட் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க்ஷாஃப்ட் சென்சாரைத்தான் பிடிக்க வேண்டும். உள்ளே சூட்டில் இணைப்பு விட்டுப்போகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கள்ளத்தனத்தால்தான் பட்டறைக்குக் கொண்டு போகும்போது கார் எப்போதும் ஒழுங்காக இருக்கிறது. சென்சார் மடிந்திருக்கும் அந்த நேரத்திலேயே ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் அடித்துக்கொண்டே ஆர்பிஎம் எண்ணைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றியும் எண் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை. பி0336 குறியீடு சில சமயம் பதிவாகும், சில சமயம் ஆகாது. குறியீடு இல்லை என்பதால் சென்சாரை விடுவித்துவிடாதீர்கள்.

கிராங்க்ஷாஃப்டின் முனையில் மாட்டியிருக்கும் ஹார்மோனிக் பேலன்சர் என்ற சக்கரத்துக்குப் பின்னால் சென்சார் இருக்கிறது. மூன்று போல்ட் கொண்ட புல்லரால் பேலன்சரை எடுத்ததும், அதன் பின்புறம் உள்ள மெல்லிய உலோக வளையங்களைக் கவனியுங்கள். அவை சென்சாரின் பிளவுகளுக்குள் சுற்றிச் செல்பவை, கீழே போட்டால் வளைந்துவிடும். வளைந்த வளையத்தோடு மாட்டினால் புதிய சென்சார் முதல் சுற்றிலேயே அறுபடும். நடுப் போல்ட்டை 111 அடி-பவுண்ட் வரை இறுக்கி, அதற்கு மேல் 76 டிகிரி திருப்ப வேண்டும்.

கேம்ஷாஃப்ட் சென்சாருக்கான பி0341 வந்தால் பதற வேண்டாம். பல சமயங்களில் கேம் பற்சக்கரத்தில் பதித்த சிறு காந்தம் விழுந்திருக்கும். இன்ஜின் ஓடத்தான் செய்யும். ஸ்டார்ட் ஆகச் சற்று நேரம் பிடிக்கும்.

உதறுகிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை

செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் வீடு போய்ச் சேரலாம். மின்னிக்கொண்டிருந்தால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது, ஓரம் கட்டுங்கள்.

இந்த இன்ஜினில் மூன்று காயில்கள் ஆறு சிலிண்டருக்கும் பொறி கொடுக்கின்றன; ஒரு காயிலுக்கு 1-4, ஒன்றுக்கு 2-5, ஒன்றுக்கு 3-6 என்பது கணக்கு. ஸ்கேனர் பி0301 முதல் பி0306 வரையிலான குறியீடுகளில் எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். ஒரே ஜோடியின் இரண்டு சிலிண்டர்களும் சேர்ந்து தவறினால் காயில். ஒன்று மட்டும் தவறினால் பிளக், பிளக் வயர் அல்லது இன்ஜெக்டர். மூன்று காயில்களும் ஒரே மாதிரியானவை என்பதால், சந்தேகப்பட்டதைப் பக்கத்துக் காயிலோடு இடம் மாற்றுங்கள். பழுதும் கூடவே இடம் மாறினால், பைசா செலவில்லாமல் குற்றவாளியைப் பிடித்தாயிற்று. காயில்களை மாற்றியும் பழுது அதே ஜோடியில் நின்றால், அடியில் இருக்கும் இக்னிஷன் மாடியூலைச் சந்தேகிக்கலாம்.

இன்ஜின் குறுக்காக வைக்கப்பட்ட கார்களில் 1, 3, 5 ரேடியேட்டர் பக்கம். 2, 4, 6 பின்சுவர்ப் பக்கம். பின்பக்கப் பிளக்குகளைக் கண்ணால் பார்க்காமல் கையால் தடவியே மாற்ற வேண்டியிருப்பதால், முந்தைய உரிமையாளர் முன்பக்க மூன்றை மட்டும் மாற்றிவிட்டுச் சும்மா இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ரீகல், கிராண்ட் பிரீ, இம்பாலா கார்களில் இன்ஜினின் மேல் உள்ள எலும்பு வடிவத் தாங்கிகளைக் கழற்றி, கியரை நியூட்ரலில் போட்டு, பட்டையால் இன்ஜினை முன்பக்கமாகச் சாய்த்துக் கட்டினால் கை நுழைய இடம் கிடைக்கும். பிளக்கின் இடைவெளி 1.5 மில்லிமீட்டர்.

எந்தச் சிலிண்டர் என்று சொல்லாமல், முடுக்கும்போது திக்கித் திணறுகிறது என்றால், காற்றோட்ட அளவு சென்சாரின் இணைப்பை உருவிவிட்டு ஓட்டிப் பாருங்கள். நிலைமை தேறினால் சென்சார்தான் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆயில் கருகும் வாடை

வால்வு கவர் கேஸ்கெட்டிலிருந்து கசியும் ஆயில், சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் சொட்டுகிறது. மற்ற இன்ஜின்களில் இது வெறும் எரிச்சல், இதில் தீவிபத்து. இதற்காக ஜெனரல் மோட்டார்ஸ் 2009-இல் சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. முன்பு சரிசெய்த கார்களிலும் தீப்பிடித்ததால் 2015-இல் சுமார் 14 லட்சம் கார்களை மீண்டும் அழைத்தது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் 17 இலக்க அடையாள எண்ணைக் கொடுத்து, உங்கள் காருக்கு அந்த வேலை பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பாக்கி இல்லை என்று வந்தாலும், வாடை அடித்தால் கேஸ்கெட்டை மாற்றிவிடுங்கள். சரிசெய்யும்வரை வீட்டோடு ஒட்டிய கராஜில் காரை நிறுத்தாதீர்கள்.

நின்றிருக்கும்போது கடகடவென்ற சத்தம் (எல்67 மட்டும்)

டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவது போன்ற இந்தச் சத்தம் வேகம் கூட்டினால் மறையும். சூப்பர்சார்ஜரின் முன்மூக்கில் இருக்கும் பிளாஸ்டிக் கப்ளர் தேய்ந்திருக்கிறது. கப்ளரை மாற்றி, சூப்பர்சார்ஜருக்கே உரிய தனி ஆயிலையும் புதிதாக ஊற்றினால் போதும். கேட்பவர்கள் பயப்படும் அளவுக்கு விஷயம் பெரிதில்லை.

கியர் இடித்துக்கொண்டு மாறுகிறது, பி1811 பதிவாகிறது

இது 4டி65-ஈ கியர்பாக்ஸின் அழுத்தக் கட்டுப்பாட்டு சோலினாய்டு (மின்சாரத்தால் இயங்கும் வால்வு). கியர்பாக்ஸை இறக்காமல் பக்கவாட்டு மூடியைத் திறந்து மாற்ற முடியும், ஆனால் அந்த மூடியை எடுக்க இன்ஜினைத் தாங்கும் கிரேடில் என்ற சட்டத்தைத் தாழ்த்த வேண்டும். பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் மாநிலங்களில் ஓடிய கார் என்றால், கிரேடிலைத் தொடுவதற்கு முன் அதன் நிலையைப் பாருங்கள். போல்ட்டுகள் பிடிமானம் கொள்ளும் இடங்களைச் சுத்தியலின் பின்முனையால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்துத் துருச் செதில் உதிர்ந்தால், அந்தப் போல்ட் திரும்ப ஏறாது. காருக்கடியில் இருக்கும்போதே, ஓட்டுநர் பக்கமாகப் பின்னோக்கிப் போகும் பிரேக் குழாய்களையும் விரலால் தடவிப் பாருங்கள். கொப்புளம் போலத் துரு தட்டுப்பட்டால், சோலினாய்டுக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் அந்தக் குழாய்களுக்குச் செலவிடுங்கள்.